பெரிய பெட்டி யாருடையது? ஜாவாஸ்கிரிப்ட் பண்டிலின் படத்தை வாசிப்பது எப்படி

பல ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒரே மூட்டையாக (பண்டில்) கட்டித் தரும் பண்ட்லர் என்ற வகைக் கருவிகளில் ஒன்று வெப்பேக். அதில் பயனருக்குப் போகும் பதிப்பைக் கட்டும் புரொடக்‌ஷன் பில்ட் ஓடி முடியும்போது டெர்மினலில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும்: இந்தக் கோப்பு 244 கிபிபைட் வரம்பைத் தாண்டிவிட்டது. வீட் என்ற இன்னொரு பில்ட் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதே மாதிரி எச்சரிக்கை 500 கேபியில் வரும். (நாம் குடியிருக்கும் வீடு இல்லை; ‘வேகமாக’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்.) 244 என்ற விசித்திர எண்ணுக்குக் காரணம் எளிது. வெப்பேக் தன் வரம்பை 2,50,000 பைட் என்று வைத்துக்கொண்டு, அதை 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. வீட் 1000ஆல் வகுக்கிறது. இரண்டும் அளப்பது மினிஃபை மட்டும் செய்த (இடைவெளிகளையும் குறிப்புகளையும் நீக்கி, பெயர்களைச் சுருக்கிய), இன்னும் கம்ப்ரெஸ் ஆகாத கோப்பை. அதே கோப்பை பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சர்வர் அதை ஜிஜிப்பிலோ ப்ராட்லியிலோ அழுத்தி அனுப்பியிருக்கும்.

ஒரே கோப்புக்கு இத்தனை எண்கள். ஆனால் அந்த எடையில் யார் பங்கு எவ்வளவு, அவர்களை உள்ளே கூட்டி வந்தது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இவற்றில் பதில் கிடையாது. முதல் கேள்விக்குப் பரப்பளவுப் படம் வேண்டும். இரண்டாவதற்கு இம்போர்ட் சங்கிலி, அதாவது எந்தக் கோப்பு எதை அழைக்கிறது என்ற தொடர், வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் தேடுவதால்தான், பண்டிலைப் படமாக வரையும் அனலைசர் கருவியைத் திறந்த பலர் வண்ண வண்ணப் பெட்டிகளைப் பார்த்து ‘அடேயப்பா, பெரிசாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டுத் தாவலை மூடிவிடுகிறார்கள்.

நிரம்பிய டிஸ்க்கிலிருந்து வந்த படம்

பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கும் இந்தப் படத்துக்கு ட்ரீமேப் என்று பெயர். 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேன் இதை உருவாக்கினார். அவருடைய ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி ஹார்ட் டிஸ்க் அடிக்கடி நிரம்பிவிடும்; யாருடைய கோப்பு இடத்தை அடைக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டியிருந்தது. முதல் முறையில் பெட்டிகள் ஈர்க்குச்சிகளாக மெலிந்து, ஒப்பிடவே முடியாமல் போயின. 2000இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்ரூல்ஸ், ஹௌஸிங், வான் வெய்க் மூவரும் பெட்டிகளை முடிந்தவரை சதுரமாக்கும் வழியைத் தந்தார்கள். இன்று நாம் பார்க்கும் அனலைசர் படங்கள் பெரும்பாலும் அந்தச் சதுரப் போக்கில் வந்தவை.

பிறப்பு டிஸ்க்கில் என்பது இங்கே முக்கியம். ட்ரீமேப்பில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி இருந்தால், அந்தக் கோப்பு அந்த ஃபோல்டருக்குள் கிடக்கிறது என்று மட்டுமே பொருள். நோட் மாட்யூல்ஸ் (நிறுவிய பேக்கேஜ்கள் கிடக்கும் ஃபோல்டர்) என்ற பெரிய பெட்டிக்குள் லோடாஷ் என்ற லைப்ரரி இருப்பது அதன் முகவரி. அதை அழைத்தது உங்கள் கோடா, நீங்கள் நிறுவிய சார்ட் லைப்ரரியா என்று படம் சொல்வதில்லை. உள்ளே இருப்பதை ‘சார்ந்திருப்பது’ என்று படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

பரப்பு எந்த எண்?

வெப்பேக் பண்டில் அனலைசரின் இடதுபக்கப் பலகையில் ஸ்டாட், பார்ஸ்ட், ஜிஜிப்ட் என்று மூன்று தேர்வுகள் உண்டு. ஒன்றை மாற்றினால் படமே மாறும்.

ஸ்டாட் என்பது வெப்பேக் மாட்யூல்களை, அதாவது தனித்தனி மூலக் கோப்புகளை, சேகரித்த நிலையில் இருந்த அளவு. மினிஃபை இன்னும் நடக்கவில்லை. கமென்ட்டுகளும் நீண்ட மாறிப் பெயர்களும் அப்படியே இருக்கும். விளக்கக் குறிப்புகளை வஞ்சனையில்லாமல் எழுதும் லைப்ரரி இதில் அநியாயத்துக்குப் பெரிதாகத் தெரியும். பயன்படாதவை என்று பின்னால் வெட்டப்படும் கோடும் இதில் கணக்கில் இருக்கும். ஆகவே ஸ்டாட் அளவை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

பார்ஸ்ட் என்பது பில்ட் எழுதிய கோப்பைத் திறந்து, ஒவ்வொரு மாட்யூலும் அதில் எத்தனை பைட் பிடித்திருக்கிறது என்று பார்த்த அளவு. பிரவுசர் படித்து, கம்பைல் செய்து, ஓட்ட வேண்டிய சுமை இதுதான். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் பக்கம் திணறினால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 100 கேபி புகைப்படமும் 100 கேபி ஜாவாஸ்கிரிப்ட்டும் நெட்வொர்க்குக்கு ஒன்றுதான், சிபியுவுக்கு ஒன்றல்ல.

ஜிஜிப்ட் என்பது ஒவ்வொரு மாட்யூலையும் தனித்தனியாக எடுத்து ஜிஜிப் செய்தால் வரும் அளவு. சிக்கல் அந்தத் ‘தனித்தனியாக’ என்பதில் இருக்கிறது. சர்வர் முழுக் கோப்பையும் ஒன்றாக அழுத்துகிறது. ஒரு மாட்யூலில் வந்த சொற்கள் அடுத்ததில் திரும்ப வந்தால் ‘முன்பு வந்தது’ என்று சுட்டிவிட்டுக் கடந்துபோகும். எனவே பெட்டிகளின் ஜிஜிப் எண்களைக் கூட்டினால் வரும் தொகை, உண்மையில் இறங்கும் கோப்பைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஜிஜிப் திரும்பிப் பார்க்கக்கூடிய தூரம் 32 கேபி மட்டுமே. ஒரே சிறிய கோப்பு இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டாம் பிரதி கிட்டத்தட்ட இலவசம். திரையை வரையும் ரியாக்ட் டாம் லைப்ரரியின் 18ஆம் பதிப்பு மினிஃபை ஆன பிறகும் ஏறத்தாழ 130 கேபி; அது இரண்டு முறை வந்தால், இரண்டாவது வரும்போது முதலாவது எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும், முழு விலையும் கொடுத்தாக வேண்டும். ப்ராட்லியின் பார்வை 16 எம்பி வரை நீளக்கூடியது என்பதால் அது இந்த இரட்டிப்பைக் கண்டுபிடித்துவிடும். நெட்வொர்க்குக்கு இது நல்ல செய்தி. பிரவுசர் மட்டும் இரண்டு பிரதியையும் படித்தே தீர வேண்டும்.

அளவு எங்கிருந்து கிடைக்கிறது

கருவிகள் இரண்டு வழிகளில் கணக்கெடுக்கின்றன. ஒன்று, பண்ட்லரிடமே கேட்பது. மற்றொன்று, பில்ட் ஆன கோப்பை சோர்ஸ் மேப்போடு (பில்ட் ஆன கோட் எந்த மூலக் கோப்பிலிருந்து வந்தது என்று குறிக்கும் துணைக் கோப்பு) ஒப்பிட்டுப் பார்ப்பது.

வெப்பேக்கிடம் கேட்பதென்றால், பில்ட் கட்டளையில் ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) ஆப்ஷனைச் சேர்த்து, எழுத வேண்டிய கோப்பின் பெயரையும் அதிலேயே கொடுத்துவிட வேண்டும். டெர்மினல் வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பும் பழைய வழியில் ஓர் ஆபத்து: ஏதாவது பிளகின் ஒரே ஒரு வரி செய்தியை அச்சிட்டாலும் அது ஜேசனுக்குள் கலந்துவிடும், அனலைசர் கோப்பைப் படிக்க மறுக்கும். இந்த ஸ்டாட்ஸ் கோப்பு கிடைத்த பின் அனலைசர் கட்டளைக்கு அதையும், பில்ட் ஃபோல்டரின் பாதையையும் கொடுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் அது ஸ்டாட்ஸ் கோப்பு இருக்கும் இடத்திலேயே பண்டில்களைத் தேடும். காணாவிட்டால் ‘மூல அளவுகளை மட்டும் காட்டுகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு ஸ்டாட் அளவுகளோடு படத்தை வரைந்துவிடும். அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் அரைநாளைத் தொலைப்பது எளிது. படம் வழக்கமாக பிரவுசரில் 8888 போர்ட்டில் திறக்கும். சிஐ (தானாகவே பில்ட் ஓட்டும்) சர்வரில் ஓட்டுவதானால் ஸ்டாட்டிக் முறைக்கு மாற்றி எச்டிஎம்எல் கோப்பாக எழுதச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த வேலை முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

டெவலப்மென்ட் பில்டை ஒருபோதும் அளக்காதீர்கள். மினிஃபை இல்லை, பயன்படாத கோட் வெட்டப்படவில்லை, எச்சரிக்கைச் செய்திகளுக்கான கோடெல்லாம் உள்ளே இருக்கும். அங்கே தெரியும் படத்துக்கும் பயனருக்குப் போவதற்கும் சம்பந்தம் குறைவு.

புரொடக்‌ஷன் முறையில் வெப்பேக் ஈஎஸ் மாட்யூல்களை (இம்போர்ட், எக்ஸ்போர்ட் எழுதும் இன்றைய முறையிலான கோப்புகளை) ஒரே ஃபங்ஷன் எல்லைக்குள் ஒட்டிவிடும். ஸ்கோப் ஹாய்ஸ்டிங் என்பார்கள். ஒட்டிய பின் மினிஃபையர் எல்லைக்கோடுகளை அழித்துவிடுவதால், எந்தப் பைட் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று அனலைசரால் பிரித்தறிய முடியாது. ‘+ 57 மாட்யூல்கள்’ என்பதுபோல ஒரே பெட்டியாக அது தெரியும். உள்ளே பார்க்க ஒரு டிக் பெட்டி உண்டு. ‘துல்லியமற்றது’ என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த எண்கள் ஸ்டாட் அளவுகளின் விகிதத்தில் பங்கிட்டவை.

அப்போது சோர்ஸ் மேப் எக்ஸ்ப்ளோரர் என்ற இன்னொரு கருவி கைகொடுக்கும். அது பண்ட்லரிடம் எதையும் கேட்பதில்லை. மினிஃபை ஆன கோப்பின் ஒவ்வொரு துண்டும் எந்த மூலக் கோப்பிலிருந்து வந்தது என்று சோர்ஸ் மேப் சொல்கிறது. அந்தத் துண்டுகளின் பைட்டுகளைக் கூட்டிப் பெட்டி போடுகிறது. பண்ட்லர் எதுவானாலும் வேலை செய்யும் என்பது இதன் பலம். எந்த மூலத்தோடும் சேராத பைட்டுகளை ‘அன்மேப்ட்’ என்று தனிப் பெட்டியில் காட்டும். பண்ட்லர் தானாகச் சேர்க்கும் ரன்டைம் துண்டுகள் அதில் விழும். அது சிறியதாக இருக்கும்வரை கவலையில்லை, பெரிதானால் மேப்தான் கோளாறு. ‘ஒரே ஒரு மூலக் கோப்புதான் இருக்கிறது’ என்று எச்சரித்தால், இடையில் ஏதோ ஒரு படி, பெரும்பாலும் கோடை மாற்றி எழுதும் டைப்ஸ்கிரிப்ட் அல்லது பேபல், முந்தைய மேப்பை அடுத்த படிக்குக் கைமாற்றவில்லை. வரி எண்ணோ நெடுவரிசையோ எல்லை மீறுவதாகப் பிழை வந்தால், கோப்பும் மேப்பும் வெவ்வேறு பில்டைச் சேர்ந்தவையா என்று முதலில் பாருங்கள்.

ரோலப் என்ற பண்ட்லருக்கான விஷுவலைசர் பிளகினில் ஒரு பொறி இருக்கிறது. இது வீட் பயன்படுத்துகிறவர்களையும் பிடிக்கும். இயல்பான அமைப்பில் அது காட்டுவது ட்ரீ ஷேக்கிங் (பயன்படாத கோடை வெட்டுதல்) முடிந்த, ஆனால் மினிஃபை ஆகாத அளவு. மினிஃபை ஆன அளவு வேண்டுமென்றால் பில்டில் சோர்ஸ் மேப்பை இயக்கி, பிளகினிலும் சோர்ஸ் மேப் ஆப்ஷனை இயக்கி, பிளகின் பட்டியலில் அதைக் கடைசியாக வைக்க வேண்டும். ட்ரீமேப்போடு சன்பர்ஸ்ட், நெட்வொர்க் போன்ற வார்ப்புகளும் அதில் உண்டு. சன்பர்ஸ்ட் பார்க்க அழகு. வளைந்த துண்டுகளின் பரப்பை ஒப்பிடுவது கண்ணுக்குக் கஷ்டம். அளவைப் பார்க்க ட்ரீமேப்பையே பயன்படுத்துங்கள்.

இந்தக் கூட்டத்தில் கணக்கு மிகச் சுத்தமாக இருப்பது ஈஎஸ்பில்ட் என்ற பண்ட்லரில். பண்டில் செய்வதும் மினிஃபை செய்வதும் அதில் ஒரே ஓட்டம். மெட்டாஃபைல் ஆப்ஷனைக் கொடுத்தால், ஒவ்வொரு மூலக் கோப்பும் வெளியீட்டில் எத்தனை பைட் பிடித்தது, எது எதை இம்போர்ட் செய்தது என்ற இரண்டையும் ஒரே ஜேசனில் எழுதித் தரும். அதை ஈஎஸ்பில்ட் தளத்தில் உள்ள அனலைசர் பக்கத்தில் இழுத்துப் போட்டால் போதும். ஆங்குலர் ஃபிரேம்வொர்க்கின் 17ஆம் பதிப்பு முதல் புதிய புராஜெக்ட்கள் ஈஎஸ்பில்டில்தான் பில்ட் ஆகின்றன என்பதால், அங்கே கிடைக்கும் ஸ்டாட்ஸ் கோப்பையும் இதிலேயே போட வேண்டும். பழைய நினைவில் வெப்பேக் அனலைசரில் போட்டால் ஒன்றும் வராது.

உள்ளே கூட்டி வந்தது யார்

பெரிய பெட்டியைப் பார்த்தாயிற்று. அடுத்து, அது ஏன் அங்கே இருக்கிறது?

எல்லோரும் முதலில், பேக்கேஜ்களை நிறுவும் கருவிகளில் ஒன்றான என்பிஎம்மின் எக்ஸ்ப்ளெயின் கட்டளையையோ, யார்ன், பிஎன்பிஎம் இரண்டிலும் உள்ள வொய் கட்டளையையோ ஓட்டுகிறார்கள். அது சொல்வது ஒரு பேக்கேஜ் டிஸ்க்கில் ஏன் நிறுவப்பட்டது என்பதை. பண்டிலுக்குள் ஏன் வந்தது என்பது வேறு கேள்வி. ஒரு லைப்ரரியை ஐந்து பேக்கேஜ்கள் கேட்டிருக்கலாம். அவற்றில் நான்கு டெஸ்ட்டுக்கும் பில்டுக்கும் மட்டும் பயன்படுபவையாக இருந்தால், பிரவுசருக்கு இழுத்து வந்தது ஐந்தாவது மட்டுமே. அந்த விடை பண்ட்லரிடம்தான் இருக்கிறது: வெப்பேக் ஸ்டாட்ஸில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ‘ரீசன்ஸ்’ என்ற பட்டியல் உண்டு, எந்தக் கோப்பு அதை இம்போர்ட் செய்தது என்று. ஈஎஸ்பில்டில் அனலைஸ் ஆப்ஷனை விரிவான முறையில் ஓட்டினால், என்ட்ரி (ஆப் தொடங்கும்) கோப்பிலிருந்து அந்த மாட்யூல்வரை சங்கிலியை அச்சிட்டுக் காட்டும்.

முழு டிபென்டென்சி கிராஃபையும், அதாவது எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற வலையையும், வரைந்து பார்க்க மேட்ஜ், டிபென்டென்சி க்ரூஸர் போன்ற கருவிகள் உண்டு. மேட்ஜில் படம் வேண்டுமென்றால் கிராஃப்விஸ் என்ற படம் வரையும் மென்பொருள் நிறுவியிருக்க வேண்டும். நீலம் சார்புகள் உள்ள கோப்பு, பச்சை எதையும் சாராதது, சிவப்பு ஒன்றையொன்று சுற்றி இம்போர்ட் செய்வது. முப்பது, நாற்பது கோப்புகள்வரை படம் பேசும். முந்நூறைத் தாண்டினால் சிக்கு விழுந்த நூற்கண்டுதான். அதை ஏ3 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டியும் பயனில்லை. பெரிய புராஜெக்டில் முழுப் படத்தைக் கேட்காமல், ‘இந்த என்ட்ரியிலிருந்து இந்த மாட்யூலுக்கு உள்ள வழிகள் என்ன’ என்று மட்டும் கேட்பதே பலன் தரும்.

வழிகள் என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். எக்ஸெல் ஏற்றுமதிக்கு ஒரு லைப்ரரி, 40 கேபி. அது ஒரு ஜிப் லைப்ரரியை இழுக்கிறது, 95 கேபி. லோடாஷையும் இழுக்கிறது, 70 கேபி. ஏற்றுமதி வசதியை நீக்கினால் 205 கேபி மிச்சமாகும் என்று மீட்டிங்கில் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் லோடாஷை உங்கள் டேபிள் கம்பொனென்ட்டும் அழைக்கிறது என்றால் மிச்சம் 135 மட்டும். ஜிப் லைப்ரரியை இன்னொரு மூலையில் ஒருவர் பயன்படுத்தியிருந்தால் வெறும் 40. ஒரு மாட்யூலை வெட்டினால் உண்மையில் குறைவது, அதன் வழியாக மட்டுமே எட்டக்கூடியவற்றின் கூட்டுத்தொகை. குரோமின் மெமரி பகுதியைப் பயன்படுத்தியவர்களுக்கு ‘ரிடெய்ன்ட் சைஸ்’ என்ற பெயரில் இதே கருத்து பழக்கம். ட்ரீமேப் இதைக் காட்டாது. கிராஃபைப் பார்க்காமல் பெட்டியை மட்டும் பார்த்துச் சேமிப்பைக் கணிப்பவர் பெரும்பாலும் ஏமாறுவார்.

படத்தில் அடிக்கடி தென்படுபவர்கள்

மொமென்ட் தேதி லைப்ரரியைத் தொட்ட பழைய வெப்பேக் புராஜெக்ட் எதைத் திறந்தாலும், லொகேல் (மொழிவாரி அமைப்புகள்) என்ற ஃபோல்டருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பொடிப் பெட்டிகள் கொசுவலைபோலத் தெரியும். மொத்தம் ஏறத்தாழ 290 கேபி, ஜிஜிப்பில் 72 கேபி. மையக் கோட் மட்டுமென்றால் 60 கேபிக்கும் குறைவு. காரணம் மொமென்ட்டுக்குள் இருக்கும் ஒரே வரி: லொகேல் ஃபோல்டரின் பாதையோடு மொழிக் குறியீட்டை ஒட்டி, ஓடும் நேரத்தில் கோப்பை அழைக்கிறது. எந்த மொழி வரும் என்று பில்ட் நேரத்தில் வெப்பேக்குக்குத் தெரியாது; எதற்கும் இருக்கட்டும் என்று ஃபோல்டரையே மூட்டை கட்டிவிடுகிறது. இக்னோர் பிளகினில் லொகேல் பாதையைக் கொடுத்தால் அத்தனையும் போய்விடும். பிறகு தமிழ் வேண்டுமென்றால் தமிழ் லொகேல் கோப்பை நீங்களே பெயர் சொல்லி இம்போர்ட் செய்ய வேண்டும். மறந்தால் கன்சோலில் ஓர் எச்சரிக்கை மட்டும் விழும். தேதிகள் ஆங்கிலத்திலேயே வரும். பக்கம் உடையாததால் பல நாள் யாரும் கவனிக்க மாட்டார்கள். 2020 செப்டம்பரிலேயே மொமென்ட் குழு புதிய வேலைகளுக்கு வேறொன்றைப் பாருங்கள் என்று அறிவித்துவிட்டது. பிரவுசரிலேயே உள்ள ‘இன்ட்ல்’ என்ற பன்மொழி வசதி தமிழ்–இந்தியா லொகேலில் மாதப் பெயர்களைத் தருகிறது. பண்டிலில் அதற்கு ஒரு பைட்டும் தேவையில்லை.

லோடாஷ் முழுதாக வந்தால் 70 கேபி, ஜிஜிப்பில் 25 கேபி அளவில் ஒரே கோப்பாக, பிளவே இல்லாத பெட்டியாகத் தெரியும். பிளவு இல்லை என்பதே தடயம். ஒரே ஒரு டிபவுன்ஸ் ஃபங்ஷனுக்காக முழு லைப்ரரி வந்திருக்கிறது. லோடாஷ் காமன்ஜேஎஸ் என்ற பழைய மாட்யூல் முறையில் எழுதப்பட்டது. எது பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்று பண்ட்லரால் உறுதியாகச் சொல்ல முடியாதபோது அது எதையும் வெட்டாது. ஃபங்ஷனின் தனிக் கோப்பை இம்போர்ட் செய்யலாம், அல்லது லோடாஷின் ஈஎஸ் மாட்யூல் பதிப்புக்கு மாறலாம். இரண்டாவது வழியில் ஒரு கண்ணி: பேபலோ டைப்ஸ்கிரிப்ட்டோ உங்கள் இம்போர்ட் வரிகளை முன்கூட்டியே காமன்ஜேஎஸ் ஆக்கிவிட்டால் மாறியும் பயனில்லை. சில சார்புகள் பழைய லோடாஷைத் தொடர்ந்து அழைத்தால் படத்தில் இப்போது இரண்டு லோடாஷ் நிற்கும். மருந்தே நோயான கதை.

இரட்டைப் பிரதிகள் தனியாகச் சொல்ல வேண்டியவை. அனலைசரின் தேடல் பெட்டியில் ஒரு பேக்கேஜின் பெயரைத் தட்டினால், நோட் மாட்யூல்ஸுக்குள் வேறொரு பேக்கேஜின் நோட் மாட்யூல்ஸில் அதே பெயர் மறுபடி வருகிறதா என்று தெரியும். என்பிஎம் ஒரு பேக்கேஜின் ஒரே ஒரு பதிப்பைத்தான் மேல்தட்டில் வைக்க முடியும். உங்கள் ஆப் 4ஆம் பதிப்பைக் கேட்டு அது மேலே அமர்ந்துவிட்டால், 3ஆம் பதிப்பைக் கேட்கும் இரண்டு லைப்ரரிகளுக்கும் ஆளுக்கொரு 3ஆம் பதிப்பு உள்ளே வைக்கப்படும். எண் ஒன்றே என்றாலும் பாதை வேறு. பண்ட்லர் கோப்புகளைப் பாதையால் அடையாளம் காண்பதால் இரண்டையும் ஏற்றும். ஆக மூன்று பிரதிகள். முதலில் இரட்டிப்புகளை ஒன்றாக்கும் டிடியூப் கட்டளையை ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் புராஜெக்டின் சார்புகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசனில், பதிப்பைக் கட்டாயப்படுத்தும் ஓவர்ரைட்ஸ் எழுதலாம், யார்னில் ரெசல்யூஷன்ஸ். ஆனால் 3ஐ எதிர்பார்த்து எழுதிய கோடுக்கு 4ஐத் திணிக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். பிஎன்பிஎம் ஒரே பதிப்பை ஒரே இடத்தில் வைத்து இணைப்புக் கொடுப்பதால் இந்த வகை இரட்டிப்பு அங்கே குறைவு.

இரண்டு பிரதிகளில் எடையைவிடப் பெரிய கேடும் உண்டு. ரியாக்ட் இரண்டாக ஏறினால் ‘ஹுக் தவறாக அழைக்கப்பட்டது’ என்ற பிழை வரும். உள்ளூர் பேக்கேஜை லிங்க் செய்து வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்கு பரிச்சயம். பெட்டிப்படம் இங்கே பிழை தேடும் கருவியாகவும் ஆகிறது.

பிஎன் ஜேஎஸ், எலிப்டிக் என்ற லைப்ரரிகளின் பெயர்கள் வெப்பேக் 4 படத்தில் தெரிந்தால், பிரவுசரில் ஓட வேண்டிய கோப்பு எங்கோ, சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடின் கிரிப்டோ (குறியாக்க) மாட்யூலை அழைத்திருக்கிறது. வெப்பேக் தானாகவே அதற்கு மாற்றுக் கோடை நிரப்பிவிட்டது. 2020இல் வந்த வெப்பேக் 5 அந்தத் தாராள குணத்தைக் கைவிட்டுப் பிழை காட்டுகிறது. பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பும் கோர் ஜேஎஸ் ஃபோல்டரில் ஏகப்பட்ட பொடிகள் தெரிந்தால் பிரவுசர் பட்டியலைப் பாருங்கள்; பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான வரி இன்னும் அதில் உட்கார்ந்திருக்கலாம்.

சைட் எஃபெக்ட்ஸ் ஃபால்ஸ் (எதையும் எடுத்துப் பயன்படுத்தாத கோப்பை விட்டுவிடலாம் என்ற அனுமதி) என்ற ஒரு வரியைப் பேக்கேஜ் ஜேசனில் சேர்த்தால் பெட்டிகள் சட்டென்று சுருங்கும். சிஎஸ்எஸ் கோப்புகளை வெறும் இம்போர்ட்டாக அழைக்கும் இடங்களும் அதோடு காணாமல் போகும். சிஎஸ்எஸ் கோப்புகளுக்கு விதிவிலக்கு எழுதாமல் அந்த வரியைச் சேர்க்காதீர்கள்.

தமிழ்ச் சரங்கள் பிடிக்கும் இடம்

இது நம் மொழியில் தளம் நடத்துபவர்களுக்கு. மொழிபெயர்ப்புக் கோப்புகளைப் பண்டிலுக்குள் வைத்திருந்தால், தமிழ்ப் பெட்டி ஆங்கிலப் பெட்டியைவிடப் பருத்துத் தெரியும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘வணக்கம்’ என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், 21 பைட். ஈஎஸ்பில்டின் இயல்பான அமைப்பில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள்) அல்லாத எழுத்துகள் எல்லாம் சாய்கோடும் எண்ணும் கொண்ட எஸ்கேப் வடிவுக்கு மாறும். அப்போது குறியீட்டுக்கு 6 பைட், அதே சொல் 42 பைட். கேர்செட் ஆப்ஷனை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் பாதியாகும். மாற்றும்போது பக்கத்திலோ சர்வர் ஹெடரிலோ கேர்செட் யூடிஎஃப்-8 என்று இருப்பதை உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரியும். ஈஎஸ்பில்ட் ஆஸ்கியை இயல்பாக வைத்திருப்பதற்கு அந்த ஆபத்தும் ஒரு காரணம். ஜிஜிப்புக்குப் பிறகு இந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு பைட் வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் முன்பகுதியை அது எளிதாக விழுங்கிவிடும். மொழிக்கொரு கோப்பாகப் பிரித்து, தேவையானதை மட்டும் டைனமிக் இம்போர்ட்டில் (தேவைப்படும் நேரத்தில் அழைக்கும் முறை) இறக்குவதுதான் பெரிய லாபம்.

டைனமிக் இம்போர்ட்டிலும் ஏமாற இடமுண்டு. ஒரு மாட்யூலை ஓரிடத்தில் டைனமிக்காகவும் வேறொரு மூலையில் சாதாரணமாகவும் இம்போர்ட் செய்திருந்தால் அது தனிச் சங்க்காக (தனியாக இறங்கும் துண்டுக் கோப்பாக) பிரியாது, முதன்மைக் கோப்பிலேயே தங்கிவிடும். வீட் இதை எச்சரிக்கையாக அச்சிடும். பிரித்த பிறகு அதே பெட்டி பழைய இடத்தில் நிற்கிறதா என்று படத்தில் பார்த்துவிடுவது நல்லது.

படத்தைத் தாண்டி

ட்ரீமேப்பில் எல்லாச் சங்க்குகளும் ஒன்றாக வரையப்படும். மொத்தம் 2 எம்பி என்றால் பயனர் 2 எம்பி இறக்குகிறார் என்று பொருளல்ல. அனலைசரின் பக்கப் பலகையில் ஒரு பக்கம் திறக்கும்போது வரும் சங்க்குகளை மட்டும் டிக் செய்து பாருங்கள். நெக்ஸ்ட் ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கின் வெப்பேக் பில்டில் அனலைஸ் மாறியை இயக்கினால் கிளையன்ட், நோட், எட்ஜ் என்று தனித்தனி அறிக்கைகள் வரும். நோட் அறிக்கையில் உள்ள பூதங்களைப் பார்த்துப் பதறத் தேவையில்லை, அவை சர்வரிலேயே இருக்கும்.

உள்ளே இருப்பதில் எவ்வளவு ஓடுகிறது என்பதை இந்தப் படங்கள் எதுவும் சொல்வதில்லை. குரோம் டெவ்டூல்ஸில் கட்டளைப் பட்டியைத் திறந்து கவரேஜ் என்று தட்டி, பக்கத்தை ரீலோட் செய்தால், ஒவ்வொரு கோப்பிலும் இதுவரை ஓடாத பைட்டுகள் சிவப்பில் தெரியும். ஓடாததெல்லாம் குப்பையும் அல்ல. பிழை கையாளும் கோட், இன்னும் அழுத்தப்படாத பட்டன்களின் கோட் எல்லாம் அதில்தான் இருக்கும். பெரிய பெட்டியாகவும், முதல் திரையில் பெரும்பகுதி சிவப்பாகவும் இருக்கும் மாட்யூலைத்தான் தனிச் சங்க்குக்கு அனுப்ப வேண்டும்.

ஒருமுறை இளைக்க வைத்த பண்டில் ஆறு மாதத்தில் மறுபடி பருக்கும். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மெயின் கிளையின் ஸ்டாட்ஸோடு ஒப்பிட்டு, எந்த பேக்கேஜ் புதிதாக வந்தது, எது எத்தனை கேபி கூடியது என்று மட்டும் காட்டினால் போதும். முழுப் படத்தைத் தினமும் யாரும் பார்க்கப் போவதில்லை. ஒப்பிடும்போது கோப்புப் பெயரில் உள்ள ஹேஷை (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பில்டிலும் மாறிய கோப்பெல்லாம் அழிந்து புதிதாகப் பிறந்ததாகவே அறிக்கை வரும். வரம்பை இன்றைய அளவுக்குச் சற்று மேலே வையுங்கள். 170 கேபி இருக்கும் இடத்தில் 500 என்று வரம்பு வைத்தால், அது கத்தும்போது 330 கேபி ஏற்கெனவே உள்ளே வந்து குடியேறியிருக்கும்.